சென்னையை அடுத்த கோவளத்தில் முதன்முறையாக அலைச்சறுக்கை (சர்ஃபிங்) படம் எடுத்தேன்; 640 படங்களில் 9 மட்டுமே தேறின. எங்கே தவறினேன்?

செம்பாக்கத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். கோயில் கோபுரங்கள், தெருக்காட்சிகள், வேடந்தாங்கலில் கிளைமேல் அமர்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரைகள் என்று இதுவரை நான் எடுத்தவை எல்லாம் எனக்காகச் சற்றுப் பொறுத்திருந்தவை. என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமராவும், 18-55 மிமீ, 55-250 மிமீ லென்ஸ்களும்தாம்.

என் நண்பரின் தம்பி கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகுகிறான். "அண்ணா, நான் திரும்புவது எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, ஒரு நாள் வந்து படம் எடுத்துத் தாருங்கள்" என்று அவன் கேட்டதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை சூரியன் உதிப்பதற்கு முன்பே கடற்கரையில் போய் நின்றேன். ஒன்பது மணி வரை 640 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது, அவனிடம் காட்டக்கூடியவை என்று ஒன்பதைத்தான் பிரித்தெடுக்க முடிந்தது.

முதல் இருபது நிமிடங்களில் எடுத்தவை அனைத்தும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. கடல்மூட்டம் என்றுதான் அப்போது நினைத்தேன். அதன்பின் எடுத்தவற்றில் பையன் கரிக்கோட்டு உருவமாக இருக்கிறான். பின்னால் கடல் தகதகவென்று மின்னுகிறது, முகம் எதுவும் தெரியவில்லை. லென்ஸின் திறப்பை எஃப்/8, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 என்று வைத்து ஷட்டர் வேகத்தைக் கேமராவின் பொறுப்பில் விட்டிருந்தேன். அது 1/160 முதல் 1/250 நொடி வரை மாறி மாறி வந்திருக்கிறது. பல படங்களில் அவனுக்கு முன்னால் பொங்கும் நுரை துல்லியமாக இருக்கிறது, அவன் மங்கலாக இருக்கிறான். சுருக்கப்படாத பெரிய ரா கோப்பில் தொடர்ந்து எடுத்ததால், அவன் அலையின் உச்சியில் திரும்பும் நேரத்தில் கேமரா எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படித் தவறிய திருப்பங்கள் குறைந்தது ஐந்து இருக்கும். மூன்று மணி நேரம் கடலில் உழைத்துவிட்டு ஈரத்தலையோடு ஓடிவந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்த அவனிடம் காட்டுவதற்கு உருப்படியாக எதுவும் இல்லாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் போகப்போகிறேன். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா? வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது? 250 மிமீ இதற்குப் போதாதா? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

உப்புக்காற்று (பதில்)

நண்பரே, உங்கள் படங்களைப் பாதிக்குமேல் கெடுத்தது ஷட்டர் வேகம் அல்ல, நீங்கள் நின்ற இடம். ஆறு ஆண்டுகளாகக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கைப் படம் எடுத்துவரும் நான், முதல் ஆண்டு முழுவதையும் இதே தவற்றில்தான் கழித்தேன்.

நம்முடையது கிழக்குக் கடற்கரை. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, நாம் கரையிலிருந்து கடலைப் பார்க்கிறோம். ஆகவே நேர் எதிரே பார்த்து நின்றால் எதிரொளியைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. பிற்பகலில் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்துவிடுகிறதே, அப்போது எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் கடற்காற்று கரையை நோக்கி வீசி அலையின் முகத்தைக் குலைத்துவிடும். தென்மேற்குப் பருவத்தின் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்றுதான் அலையை நிமிர்த்திப் பிடித்து, கண்ணாடிபோல் வழவழப்பாக்கி, அதன் உச்சியிலிருந்து நீர்த்திவலைகளைப் பின்னோக்கி விசிறுகிறது. நல்ல ஒளி பிற்பகலில் இருக்கிறது, நல்ல அலை விடியலில் இருக்கிறது. சறுக்குபவர்கள் அலைக்காக வருகிறவர்கள் என்பதால், ஒளியை நாம்தான் தேடிப்போக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. இந்தப் பருவத்தில் அலைகள் தெற்கிலிருந்து ஏறி வருகின்றன. கோவளத்தின் முனையில் உடையத் தொடங்கி வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகின்றன, சறுக்குபவரும் அதே திசையில் வடக்கே வருகிறார். அலை உடையும் இடத்துக்கு நேராக நிற்காமல், வடக்கே ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப்போய், தெற்கும் சற்றே கிழக்குமாகத் திரும்பி நில்லுங்கள். ஆகஸ்டில் சூரியன் நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கிறது. அப்படி நின்றால் அது உங்கள் இடத்தோளுக்கு அப்பால் போய்விடும். நீரின் தகதகப்பு சட்டகத்துக்கு வெளியே சென்றுவிடும், பையனின் மீது பக்கவாட்டில் வெயில் விழும், அலையின் சுவரில் நிழலும் ஒளியும் பிரிந்து தெரியும். போதாததற்கு அவன் உங்களை நோக்கியே வருகிறான். வடகிழக்குப் பருவம் தொடங்கிய பிறகு அலையின் திசை மாறிவிடும் என்பதால் இந்தக் கணக்கும் மாறும். அப்போது தெற்கே நின்று வடக்கே பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நின்றுகொண்டு எடுத்தீர்களா, உட்கார்ந்து எடுத்தீர்களா? கண்மட்டம் உயர்ந்தால் அடிவானம் மேலே ஏறி, அலை தட்டையாகத் தெரியும். மணலில் ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தால் அலை அடிவானத்துக்கு மேலே எழுந்து நிற்கும். ஆனால் மிகவும் தாழ்ந்துவிட்டால் கரையருகே உடையும் நுரை பலகையை மறைத்துவிடும். அன்றைய அலையைப் பார்த்து இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பழைய நெகடிவ் (பதில்)

உப்புக்காற்று சொல்வது முற்றிலும் சரி. நான் கேமராவின் உள்விவகாரங்களை மட்டும் எழுதுகிறேன்.

பால் ஊற்றியதுபோல் வெளுத்த அந்த முதல் இருபது நிமிடங்கள் பெரும்பாலும் கடல்மூட்டம் அல்ல. இரவு முழுவதும் ஏசி அறையில் இருந்த கேமராவை ஏசி ஓடும் காரில் வைத்துக் கொண்டுபோய், ஈரக்காற்று அடிக்கும் கடற்கரையில் திறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குளிர்ந்த கண்ணாடியின் மீது ஈரம் உடனே படியும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்ப் புட்டி வியர்ப்பதும் இப்படித்தான். துடைத்தாலும் கண்ணாடி சூடாகும்வரை மீண்டும் மீண்டும் படிந்துகொண்டே இருக்கும். முந்தைய இரவே கேமராப் பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். காரிலும் ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள்.

அடுத்தது ஷட்டர் வேகம். ஒரு பேச்சுக்கு, பையன் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உங்களுக்குக் குறுக்காகப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1/200 நொடியில் அவன் இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறான். 80 மீட்டர் தொலைவில் உங்கள் 250 மிமீ லென்ஸின் சட்டகம் ஏறத்தாழ 7 மீட்டர் அகலத்தைக் காட்டும். உங்கள் கேமரா அந்த 7 மீட்டரை 6000 புள்ளிகளாக (பிக்சல்) பதிவு செய்கிறது. ஆக, அந்த இரண்டரை சென்டிமீட்டர் என்பது இருபது புள்ளிகளுக்கு மேற்பட்ட இழுவை. கண், மூக்கு எல்லாம் கரைந்துபோக அது போதும். 1/1600 நொடியில் அதே இழுவை மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். கேமராவைச் சரியாக உடன் நகர்த்தினால் இன்னும் குறையும். 1/1000 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தவரை 1/1600 வைத்திருங்கள்.

அந்த வேகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? முதலில் எஃப்/8 வைப்பதை விடுங்கள். 250 மிமீயில் உங்கள் லென்ஸ் திறக்கக்கூடிய அதிக அளவான எஃப்/5.6 வையுங்கள். நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் கணக்கு. அதன்படி எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 என்று வைத்தால் 1/3200 கிடைக்கும். காலை எட்டு மணி வெயிலும் பக்கவாட்டு ஒளியும் என்பதற்காக ஒரு படி, அதாவது வேகத்தில் பாதி, கழித்தால் 1/1600 ஆகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். ஆறரை மணிக்கு ஐஎஸ்ஓ 1600 வரை போக வேண்டியிருக்கலாம். தயங்காமல் போங்கள். பொரிபொரியாக இருக்கும் படத்தைக் கணினியில் ஓரளவு திருத்தலாம், இழுபட்ட படத்தை எதுவும் செய்ய முடியாது.

ஒளி அளவைக் கேமராவிடம் விடாமல் மேனுவலில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்துக்குள் நுரை கூடும்போது கேமரா இருட்டாக்கும், கருநீல நீர் கூடும்போது வெளுப்பாக்கும். பையன் மீது விழும் வெயிலோ மாறுவதே இல்லை. வெயில் படும் நுரையை ஒருமுறை எடுத்து, ஹிஸ்டோகிராம் என்னும் ஒளி அளவு வரைபடத்தில் அது வலது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்துவிட்டால், கால் மணி நேரத்துக்கு அதை மறந்துவிடலாம். பிறகு மறுபடியும் பாருங்கள், காலை வெயில் மிக விரைவாக ஏறும்.

ஃபோகஸை, நகர்வதைத் தொடர்ந்து பிடிக்கும் ஏஐ சர்வோவில் வைத்து, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா தனக்கு அருகே இருப்பதையும் பளிச்சென்று இருப்பதையும்தான் பிடிக்கும், அதனால்தான் நுரை துல்லியமாக வந்தது. பையன் எழுந்து நிற்பதற்காகக் காத்திருக்காதீர்கள். அவன் குப்புறப் படுத்துக் கையால் துழாவத் தொடங்கும்போதே புள்ளியை அவன் தலைமேல் வைத்துப் பின்தொடருங்கள்.

முதல் சில வாரங்களுக்கு ஜேபெக் போதும். உங்கள் கேமராவில் ரா கோப்புகள் ஒரு நொடிக்குச் சற்று அதிகமான நேரத்திலேயே அதன் தற்காலிக நினைவகத்தை அடைத்துவிடும். ரா வேண்டாம் என்று நான் சொல்வதை இங்கே பலர் ஏற்கமாட்டார்கள் என்பது தெரியும். ஆனாலும் கைக்கு வராத திருப்பத்தை எந்தக் கோப்பு வடிவமும் மீட்டுத் தராது.

தாழம்பூ (பதில்)

நான் படம் எடுப்பவள் அல்ல, நான்கு ஆண்டுகளாகச் சறுக்குபவள். கரையில் நிற்பவர்கள் எடுத்த என் படங்களில் பெரும்பாலானவை என் முதுகைத்தான் காட்டுகின்றன. அது ஏன் என்று எனக்குப் புரியவே நெடுநாள் ஆயிற்று. இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தத் தம்பி எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறார் என்று முதலில் கவனியுங்கள். இடக்காலை முன்வைத்து நிற்பவரின் மார்பு, அவர் போகும் திசைக்கு வலப்பக்கம் பார்த்திருக்கும். கோவளத்தில் வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் என்பது கடல். ஆகவே கரையில் நேராக நிற்பவருக்கு முதுகு மட்டுமே தெரியும். உப்புக்காற்று ஐயா சொன்னபடி வடக்கே போய் நின்றால் அதே மனிதரின் முகம் பக்கவாட்டில் தெரியும். அதோடு, அவர் மார்பு கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் முழுவதும் அவர்மேல் விழும். அங்கே நிற்பது ஒளிக்காக மட்டும் அல்ல, முகத்துக்காகவும்தான். வலக்காலை முன்வைப்பவராக இருந்தால் எல்லாம் நேர்மாறு. அவர் கரையைப் பார்த்தே வருவார்.

இடக்கால் முன்வைப்பவர் கரையைப் பார்த்துத் திரும்பும் தருணம் ஒன்று உண்டு. அலையின் வேகம் குறைந்த தோள்பகுதிக்கு வந்ததும், நுரை இருக்கும் பக்கமே பலகையை வளைத்துத் திருப்புவோம், அதற்குக் கட்பேக் என்று பெயர். அப்போது பலகையின் ஓரம் நீரைக் கிழித்து விசிறிபோல் எழுப்பும், முகமும் கரைப்பக்கம் வந்துவிடும். அதற்கு முன்பாக நாங்கள் செய்வதைப் பார்த்தாலே அது வரப்போகிறது என்று தெரியும். பின்முழங்கால் மடங்கும், முன்கையை உடம்புக்குக் குறுக்கே வீசுவோம், எல்லாவற்றுக்கும் முன்னால் தலை திரும்பும். பலகை எப்போதும் பார்வைக்குப் பின்னால்தான் போகும். தலை திரும்புவதைப் பார்த்தவுடன் அழுத்தத் தொடங்கினால், நீங்கள் நொடிக்கு 5 படங்கள் எடுத்தாலும் அவற்றில் ஒன்று சரியான கணத்தில் விழும். அவர் எழுந்ததிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அலை முடிந்த பிறகும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தாஹிதித் தீவின் தேஆஹுப்போவில் நடந்தபோது, பிரேசிலின் காப்ரியேல் மெதினா விரலை உயர்த்தியபடி, பக்கத்தில் பலகையும் செங்குத்தாக நிற்க, கடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்பதுபோன்ற படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏஎஃப்பி செய்தி நிறுவனத்துக்காக ஜெரோம் புரூயே படகிலிருந்து எடுத்தது அது. மெதினா அலையை முடித்துக்கொண்டு அதன் முதுகுப்பக்கம் வெளியேறிய கணம். சறுக்கல் முடிந்துவிட்டதென்று எண்ணிக் கேமராவைத் தாழ்த்தியிருந்தால் அந்தப் படம் பிறந்திருக்காது. எங்கள் குப்பத்துக் கடலிலும், நல்ல அலை ஒன்றை முடித்து நீரில் விழும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் மகிழ்ச்சியை யாரும் எடுப்பதில்லை.

இன்னொரு வேண்டுகோள். கடலில் உங்கள் நண்பரின் தம்பி மட்டும் இருக்கமாட்டார். மற்றப் பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடுவதற்கு முன் அவர்களிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள். முடிந்தால் ஒன்றிரண்டை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். அலையின் மேல் நிற்கும் தன்னைத் தானே பார்த்திராத பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

செம்பாக்கத்தான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏசி பற்றி எழுதியது அப்படியே உண்மை. தம்பி இடக்காலைத்தான் முன்வைக்கிறான். பழைய படங்களைத் திறந்து பார்த்தேன், நூற்றுக்கணக்கில் முதுகுகள். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. 150-600 லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா? உப்பைப் பற்றியும் அச்சமாக இருக்கிறது, ஏனெனில் வீட்டுக்கு வந்தபோது லென்ஸின் மேல் சொரசொரப்பாக ஏதோ படிந்திருந்தது.

உப்புக்காற்று

வாடகை லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். பையன் 80 மீட்டருக்குள் வரும்போது 250 மிமீ சட்டகத்தின் உயரம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குனிந்து நிற்கும் பையன் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிரப்புவான், சுற்றிலும் அலைக்கு இடம் இருக்கும். 600 மிமீயில் அவனைச் சட்டகத்துக்குள் தேடிப் பிடிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். வடக்கே நின்றால் அவன் உங்களை நோக்கி வருவதால் தொலைவு தானாகவே குறையும். 150 மீட்டருக்கு அப்பால் அலை உடையும் நாட்களில் மட்டும் உங்கள் லென்ஸ் போதாது. அன்று கரையோரக் காட்சிகளை எடுங்கள்.

உப்பை உலர்ந்த துணியால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். உப்புப் பொருக்கும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கேமராவின் உடலையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் ஒற்றி எடுங்கள், அதன்பின் உலர்ந்த துணி. கண்ணாடிக்குத் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். 55-250 லென்ஸை வீட்டிலேயே பொருத்திக்கொண்டு வந்து, வீட்டில்தான் கழற்ற வேண்டும்.

பழைய நெகடிவ்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எதிரொளியை முழுவதுமாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை நேர் எதிரே நின்று, முகம் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டே எடுங்கள். அப்போது உடம்பின் வடிவம்தான் படம். கைகால்கள் ஒன்றையொன்று மறைக்காமல் விரிந்திருக்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். அதன்பிறகு வடக்கே நடங்கள்.

செம்பாக்கத்தான்

நேற்றுப் போய் வந்தேன். கேமராவை இரவே கூடத்தில் வைத்திருந்தேன், கண்ணாடி மங்கவில்லை. 210 படங்கள்தாம் எடுத்தேன், 34 தேறின. வடக்கே நடந்து மணலில் முழங்காலிட்டபோது, அதே கடல் வேறொரு நிறத்தில் தெரிந்தது. சென்ற வாரம் வெள்ளித் தகடாக இருந்த நீர் பச்சையாக, ஆழம் தெரியும்படி இருந்தது.

இன்னும் தவறுகள் இருக்கின்றன. அவன் நேராக என்னை நோக்கி வரும்போது ஃபோகஸ் பலமுறை அவனுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. தலை திரும்புவதைக் கவனிக்க முயன்றபோது முதல் மூன்று அலைகளில் அதைப் பார்த்துவிட்டு அழுத்தவே மறந்துவிட்டேன். அடிவானம் ஏழெட்டுப் படங்களில் சாய்ந்திருக்கிறது.

ஆனால் எட்டு மணியளவில் ஒரு கட்பேக் கிடைத்தது. எஃப்/5.6, 1/1600, ஐஎஸ்ஓ 400. பலகையின் உள்விளிம்பு நீருக்குள் புதைந்திருக்கிறது. வெளிவிளிம்பிலிருந்து எழுந்த நீர் விசிறியாகப் பிரிந்து, அதன் நுனியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கிறது. பின்கையின் விரல்கள் அலையின் சுவரைத் தொட்டு ஐந்து கோடுகள் இழுத்திருக்கின்றன. கண்கள் பலகையைப் பார்க்கவில்லை, தான் போகவிருக்கும் இடத்தைப் பார்க்கின்றன.

திரையைக் காட்டியதும் தம்பி முதலில் பார்த்தது தன் முகத்தை அல்ல, பின்முழங்காலை. "இன்னும் மடக்க வேண்டும் அண்ணா" என்றான். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடலுக்குள் போய்விட்டான். இந்த வாரம் அந்தப் படத்தையும், மற்ற இரண்டு பிள்ளைகள் கேட்ட படங்களையும் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். நேராக வருபவரைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது பற்றி யாரேனும் எழுதினால் உதவியாக இருக்கும்.